பரிசலில் உட்காரத் தெரிந்த பிள்ளை

"உங்கள் பிள்ளையை அயல்நாட்டுக்கு அழைத்துப் போகிறோம்" என்று பள்ளிக்கூடத்திலிருந்து சேதி வந்தால் வீட்டில் என்ன நடக்கும், சொல்லுங்கள்? அப்பாவுக்குப் பெருமை. பாட்டிக்குக் கண்ணீர். அம்மாவுக்கு மட்டும் அன்று இரவு தூக்கம் இராது.

முன்பெல்லாம் இது பட்டணத்துப் பெரிய பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களின் கவலை. இப்போது அப்படியில்லை. 2022 நவம்பரில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவ மாணவியர் அறுபது பேருக்கு மேல், அரசாங்கச் செலவிலேயே துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் போய் வந்தார்கள். கல்வி அமைச்சரும் கூடவே போனார். ஷார்ஜாவில் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி நடந்த சமயம் அது. பிறகு வேறு தேசங்களுக்கும் பிள்ளைகள் போயிருக்கிறார்கள்.

"பட்டிக்காட்டுப் பிள்ளை அங்கே போய்த் திண்டாடாதோ?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் தர்மபுரி ஜில்லா ஏரியூரைச் சொல்கிறேன். 1934-ல் மேட்டூர் அணையைக் கட்டி முடித்த பின் தேங்கிய காவிரி, அந்த வட்டாரத்தின் ஓரத்தில் சமுத்திரம் போலப் பரந்து கிடக்கிறது. நாகமரையிலிருந்து அக்கரைப் பண்ணவாடிக்குத் தண்ணீரைத் தாண்டிப் போய் வருவது அங்கே சர்வ சாதாரணம். பரிசலில் ஏறிப் பழகிய பிள்ளைக்கு ஒரு விஷயம் யாரும் சொல்லித்தர வேண்டாம். பரிசல்காரர் காட்டிய இடத்தில் உட்கார வேண்டும். நடு ஆற்றில் வேடிக்கை பார்க்க ஒருவன் எழுந்து நின்றானோ, நனைகிறவன் அவன் மட்டும் அல்ல!

மாணவர் கூட்டத்தோடு அயல்நாடு போவதில் முக்கால் பங்கு இதுதான். விமான நிலையத்தில் ஒரு பிள்ளை மிட்டாய்க் கடைமுன் நின்றுவிட்டால் மற்ற அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். உபாத்தியாயினிக்கு மார் படபடக்கும். இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து, "உன் ஜோடி எங்கே?" என்று கேட்டுப் பழக்குவது தலையை எண்ணுவதைவிட நல்லது. வழி தவறினால் தேடி அலையாமல் நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்லுங்கள். தேடுகிறவர்கள் வந்த வழியே திரும்பி வருவார்கள்.

என்ன பார்ப்பது என்பதிலும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. 828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபாவை அண்ணாந்து பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஊர்த் தெருவிலும் கடையிலும் தமிழ் பேசி உழைக்கிறவர்களோடு நாலு வார்த்தை பேசவும் பிள்ளைகளுக்கு அவகாசம் கொடுக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போயிருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பேச்சு நன்றாகவே விளங்கும்.

இனி மூட்டை முடிச்சு. இங்கேதான் அம்மாக்கள் கை தாராளமாகிவிடுகிறது! ஊறுகாய், நெய், தேங்காயெண்ணெய் எதுவானாலும் 100 மில்லிக்கு மேற்பட்ட பாத்திரத்தில் கைப்பையில் விடமாட்டார்கள். பெரிய பெட்டியில்தான் போக வேண்டும். கொப்பரைத் தேங்காய் தானே தீப்பற்றக்கூடிய பொருள் என்பதால் அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். முக்கியமாகக் கசகசா. குருமாப் பொடியில் நாம் சேர்க்கும் அதே கசகசாதான். ஐக்கிய அரபு நாட்டிலும் சிங்கப்பூரிலும் அது போதைப்பொருள் சட்டத்தில் சிக்கும் சரக்கு. அன்போடு அரைத்துக் கொடுத்த பொடி பிள்ளையைச் சுங்க அதிகாரி முன் நிறுத்தக் கூடாது அல்லவா? பெண் குழந்தையானால் மாதவிலக்குக்கு வேண்டியதைக் கைப்பையிலேயே வைத்து, எந்த ஆசிரியையிடம் சொல்வது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஆனால் பிரயாணம் தடைப்படுவதானால், அது பெரும்பாலும் காகிதத்தால்தான் தடைப்படும். நம் குழந்தைகளுக்கு ஒரு பெயர், அதன் முன்னே ஓர் எழுத்து, அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து செல்லாது. முழுப் பெயராக விரித்து எழுத வேண்டும். பெயர் ஒரே சொல்லாக இருந்தால் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அதே 2022 நவம்பரில் ஐக்கிய அரபு நாடு அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கம் வந்த பிறகுதான் பலர் மூச்சுவிட்டார்கள்.

பிறகு கையெழுத்து. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தாய் தகப்பன் இருவரின் சம்மதமும் கேட்பார்கள். வெளியூரில் கட்டட வேலை செய்கிற தகப்பன் ஒரு கையெழுத்துக்காகக் கூலியை விட்டு வர வேண்டியிருக்கும். ஒருவர் சம்மதம் கிடைக்காவிட்டால் மற்றவர் உறுதிமொழி எழுதிக் கொடுக்கவும் வழி இருக்கிறது. தனியாகப் பிள்ளையை வளர்க்கும் தாய்மார் ஒன்றைக் கவனியுங்கள். 2016 டிசம்பரில் வந்த மாறுதலின்படி விண்ணப்பத்தில் பெற்றோரில் ஒருவர் பெயர் இருந்தாலே போதும். இது தெரியாமல், "அப்பா பெயர் இல்லாமல் முடியாது" என்று யாராவது சொன்னதும் திரும்பி வந்துவிடாதீர்கள்.

போட்டி முடிவு வரும்வரை காத்திருக்காமல், பள்ளிச் சான்றிதழையும் ஆதார் அட்டையையும் இன்றே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். ஒன்றில் 'சரண்யா', இன்னொன்றில் 'சரன்யா' என்று இருந்தால், திருத்துவதற்கு நாள் பிடிக்கும்.