ஆணி புடுங்குறதும் களை புடுங்குறதும்

நொய்டாவுக்கு ஆணி புடுங்க வந்து மூணு வருஷம் ஆச்சு. போன குளிர்காலத்துல மாடித் தொட்டியில ஒரு கைப்பிடி கினோவா விதைச்சேன் (கடையில விலையைப் பார்த்ததோட விளைவு :-)). நல்லாவே முளைச்சுது. ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்து பார்த்தா தொட்டி காலி. கீழ்வீட்டு ஆன்ட்டி பத்துவாக் கீரைன்னு நெனச்சுப் பறிச்சு பராத்தா போட்டுட்டாங்க! எனக்கும் ரெண்டு எடுத்து வெச்சிருந்தாங்க. நல்லாத்தான் இருந்துச்சு.

ஆன்ட்டி மேல தப்பே இல்லை மக்கா. பத்துவாங்கிறது நம்ம சக்கரவர்த்திக் கீரை. வடக்கே கோதுமை வயல்ல தானா முளைக்கிற களை. அதுவும் கினோவாவும் கீனோபோடியம் என்ற ஒரே பேரினம். சித்தப்பா பெரியப்பா பிள்ளைங்க. சின்னச் செடியா இருக்கும்போது பிரிச்சுப் பார்க்கிறது ரொம்பக் கஷ்டம். நாலு செடிக்கே இந்தக் கதின்னா, ஏக்கர் கணக்குல போடுறவங்க நிலைமை?

சரி, மேட்டருக்கு வருவோம். கினோவா விதை ரொம்பச் சின்னது. முதல் சில வாரம் ஆமை வேகத்தில்தான் வளரும். அதுக்குள்ள களை முந்திக்கிட்டு வெயில், தண்ணி, உரம் எல்லாத்தையும் எடுத்துக்கும். அந்தக் கண்டத்தைத் தாண்டி இலை மூடிட்டா, கினோவாவே நிழல் போட்டு களையை அடக்கிடும். ஆக, மேட்ச் முழுக்க முதல் சில ஓவர்லதான். புல் வகைக் களையை மட்டும் கொல்லும் மருந்து உண்டு. ஆனா பத்துவாவைக் கொல்லும் மருந்து பெரும்பாலும் கினோவாவையும் சேர்த்தே கொன்னுடும்.

"மருந்தைத் தாங்குற கினோவாவை உருவாக்கிட்டா போச்சு"ன்னு தோணும். எனக்கும் முதல்ல தோணுச்சு. இப்போ அது தப்புன்னு நினைக்கிறேன்.

காரணம், பெரு, பொலிவியா பக்கம் கினோவா வயலுக்குள்ளேயே முளைக்கும் அஹாரா. கறுப்பு விதை உள்ள களைக் கினோவா. இது சித்தப்பா பிள்ளை இல்லை, கூடப் பொறந்தது. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலக்கும். இன்னைக்குப் பயிருக்குக் கொடுக்கிற கவசத்தை நாளைக்குக் களை போட்டுக்கும்.

கற்பனை இல்லை. 2002ல் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் களைக்கொல்லியைத் தாங்கும் கிளியர்ஃபீல்ட் நெல் வந்தது. களைநெல்லும் அதே நெல் இனம்தானே? சில வருஷத்திலேயே அந்த மருந்துக்குச் சாகாத களைநெல் வயல்ல வந்துடுச்சு. பெரு 2011ல் மரபணு மாற்றுப் பயிர்களுக்குத் தடை போட்டு, 2021ல் அதை 2035 வரை நீட்டிச்சது. ஆனா கிளியர்ஃபீல்ட் நெல் மரபணு மாற்றுப் பயிரே கிடையாது. திடீர்மாற்றம் மூலமா வந்த விதை. தடை மட்டும் போதாது.

"அப்போ ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு, கையால களை எடுன்னு சொல்றியா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. எங்கம்மா அடுத்தவங்க வயல்ல களை எடுத்த காசுலதான் நான் இஞ்சினியரிங் சேர்ந்தேன். ராத்திரி தைலம் தேய்ச்சு விட்டது நான்தான். கைக்களை புனிதமான வேலைன்னு யாராவது கவிதை எழுதினா எனக்குக் கோபம் வரும்.

குனியாமலும் செய்ய வழி இருக்கு. விதைக்கும் முன்னாடி தண்ணி விட்டு களையை முளைக்க வெச்சு, உழுது அழிச்சிடலாம். வரிசைக்கு வரிசை அரை மீட்டர் விட்டு விதைச்சா, நடுவுல கருவியை ஓட்டிக் கொத்தலாம். டென்மார்க்ல இப்படிச் செஞ்சு பார்த்திருக்காங்க. செடிக்குச் செடி நடுவுல மிஞ்சுறதுக்கு மட்டும் கை போதும். அந்தக் கூலி விலையில ஏறினா, வாங்குற நாமதான் கொடுக்கணும். களைக்குக் கவசம் தெச்சுக் கொடுக்கிறதை விட அது மலிவு.

அம்மாகிட்ட போன்ல இந்தக் கதையைச் சொன்னேன். "ரெண்டும் திங்கிற கீரைதானே, அப்புறம் எதைடா களைங்கிற?"ன்னு கேட்டாங்க. பதில் தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்கப்பா.

டிஸ்கி: இந்தக் குளிர்காலமும் விதைப்பேன். தொட்டியில போர்டு மாட்டிட்டு. :-)