வண்டி சொந்தம், வீதி?

ஆயுத பூஜை அன்று நம் ஊர் வீதிகளைப் பார்க்க இரண்டு கண் போதாது. முதல் நாளே குளிப்பாட்டி வைத்த ஸ்கூட்டரும் காரும், சந்தனமும் குங்குமமும் துலங்க, மாலையும் வாழைக் கன்றுமாக மாப்பிள்ளைக் கோலத்தில் வாசலில் நிற்கின்றன. கற்பூரம் காட்டியாகிறது. சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாகிறது. கடைசியில் வருகிறது திருஷ்டிப் பூசணிக்காய். உள்ளே குங்குமமும் சில்லறைக் காசும் போட்ட காயை வண்டிக்கு மூன்று முறை சுற்றி, வீட்டுக்கார ஐயா நடு ரோட்டிலே ஓங்கிப் போட்டு உடைக்கிறார். அவர் வண்டிக்கு இனி ஓர் ஆண்டுக்குக் கவலை இல்லை.

அதன்பிறகு அந்த ரோட்டில் வருகிறவர் கதி என்ன? பின் ஸீட்டில் மனைவி, முன்னால் குழந்தை. அந்தி மங்கும் நேரத்தில் ஸ்கூட்டரில் வருகிறவரின் சக்கரம் வழுவழுப்பான பூசணிச் சதையின் மேல் ஏறினால், அடுத்த கணம் மூவரும் தரையில். நடு ரோட்டில் பூசணிக்காய் உடைக்காதீர்கள் என்று போலீஸார் கேட்டுக்கொள்வதும், நம்மவர்கள் உடைப்பதும் பண்டிகையின் சடங்குகளாகவே ஆகிவிட்டன. உடைக்கிறவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தம் வண்டியின் மேல் அவருக்கு அத்தனை பாசம். அந்தப் பாசத்துக்கு வாசற்படிக்கு அப்பால் கண் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஆண்டுக்கு ஒரு நாளோடு இது நின்றால் பரவாயில்லை. மற்ற நாட்களில் நடப்பதைப் பாருங்கள். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற இடங்களில் பல தெருக்கள் மாட்டு வண்டிக் காலத்தில் அமைந்தவை. அங்கே ஒருவர் கார் வாங்கிவிட்டால் முதல் வேலையாக வீட்டுக்கு எதிரே உள்ள ரோட்டுத் துண்டுக்குப் பட்டா எழுதிக்கொண்டுவிடுகிறார். பத்திரம், முத்திரை ஒன்றும் வேண்டியதில்லை. கால் ஒடிந்த நாற்காலி ஒன்று, இல்லாவிட்டால் ஒரு கருங்கல்லோ உடைந்த பூந்தொட்டியோ போதும். கார் வெளியே போயிருக்கும் நேரமெல்லாம் நாற்காலி அங்கே காவல் இருக்கும். பாலோ மளிகைச் சாமானோ கொண்டு வருகிற பையன் இரண்டு நிமிஷம் சைக்கிளை அங்கே நிறுத்திவிட்டாலோ, வந்தது வினை! மாடியிலிருந்து குரல் இறங்கி வரும்.

ஜப்பானில் 1962ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு சட்டம் செய்தார்கள். கார் வாங்குகிறவர் அதை நிறுத்தத் தமக்கு இடம் இருக்கிறது என்று முதலில் அத்தாட்சி காட்ட வேண்டும். இங்கேயோ கார் முதலில் வந்துவிடுகிறது. இடத்தைப் பிறகு தேடுகிறார்கள். தேடிக் கிடைப்பது பெரும்பாலும் நடைபாதை. தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019ஆம் ஆண்டு நவம்பரில் விசாலமான நடைபாதை திறந்தார்களே, நடப்பவர்களுக்கு என்றே அப்படி ஓர் இடம் ஒதுக்கியது பெரிய செய்தியாக இருந்தது என்றால், மற்ற இடங்களின் லட்சணத்தை விளக்க வேண்டுமா?

கண்ணாடியில் ஒட்டும் சீட்டு வேறு இருக்கிறது. வக்கீல், டாக்டர், பிரஸ், போலீஸ் என்று ஏதாவது ஒன்று. வண்டிக்குத் தனி அந்தஸ்து வந்துவிட்டதாக நினைப்பு. 2024 மே மாதத்தில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸார் இப்படிப்பட்ட சீட்டுகளின் மேல் நடவடிக்கை தொடங்கினார்கள். சீட்டைக் கிழித்துவிடலாம். அதை ஒட்டச் சொன்ன மனசை என்ன செய்வது?

பாசத்தின் உச்சத்தைக் காண வேண்டுமானால், ஒரு வண்டி இன்னொரு வண்டியை உரசும் நேரத்தில் காண வேண்டும். கல்யாண வீட்டில் சந்தித்திருந்தால் இதே இரண்டு பேரும் "நீங்கள் முதலில் உட்காருங்கள்" என்று பந்தியில் ஒருவருக்கொருவர் இடம் விட்டுக் கொடுத்திருப்பார்கள். ரோட்டிலோ நகத்தளவு கீறல் விழுந்தவுடன் கதவு திறக்கிறது. ஏக வசனம் புறப்படுகிறது. பெற்ற தாய், பிறந்த ஊர் எல்லாம் சபைக்கு வருகின்றன. பின்னால் இருபது வண்டிகள் நிற்கின்றன. இருபதாவது வண்டிக்கும் பின்னால் 108 ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டிருக்கிறது. அதற்குள்ளே மூச்சுக்குத் தவிக்கும் ஒருவரும், அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியே வெளியே பார்க்கும் மகளும் இருக்கிறார்கள். அந்த மகளுக்கு முன்னால் நடக்கும் சண்டையின் காரணம் தெரியாது. தெரிந்தால் என்ன நினைப்பாள்?

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு சேர்த்த ஒரு பிரிவின்படி, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் ஒதுங்கி வழிவிடாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். விருந்தாளிக்கு வழிவிடக் கற்றுத் தந்த நாட்டில், உயிருக்கு வழிவிடச் சட்டம் எழுத வேண்டி வந்துவிட்டது.

வால்ட் டிஸ்னியின் நிறுவனத்தார் 1950ஆம் ஆண்டில் 'மோட்டார் மேனியா' என்று ஒரு சிறு கார்ட்டூன் படம் எடுத்தார்கள். அதில் வரும் ஆசாமி நடக்கும்போது எறும்பைக்கூட மிதிக்காத சாது. காரில் ஏறி உட்கார்ந்ததும் ராட்சஸனாகிவிடுகிறார். காரை விட்டு இறங்கினால் மறுபடியும் சாது. இப்போது மற்ற ராட்சஸர்களிடம் சிக்கி ரோட்டைத் தாண்ட முடியாமல் தவிக்கிறார். படம் அமெரிக்காவைப் பற்றியது. ஆனால் அண்ணா சாலையைத் தாண்ட முயன்ற எவருக்கும் அந்த ஆசாமியை அடையாளம் தெரியும்.

சிரித்துவிட்டுப் போய்விடக்கூடிய சமாசாரமாக இது இல்லை. மத்திய அரசின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். கீறல் விழ அவர்களிடம் பெயிண்டு அடித்த தகடு ஏதும் இருக்கவில்லை. நடைபாதையை வண்டி அடைத்துக்கொண்டால் கிழவியும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் ரோட்டில்தான் இறங்கி நடக்க வேண்டும். இறங்கினால் "வீட்டிலே சொல்லிட்டு வந்தியா?" என்று கேட்பவரும், நேற்று நடைபாதையில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனவரும் ஒரே ஆளாக இருக்கலாம்.

விட்டுக் கொடுக்கத் தெரிந்தவர்களும் இல்லாமல் போகவில்லை. குறுகலான சந்தில் எதிரே லாரி வந்தால் தாமாகவே வண்டியைப் பின்னுக்கு எடுத்து, கையை வெளியே நீட்டி "வாங்க, வாங்க" என்று கூப்பிடும் டிரைவர் உண்டு. பிறர் வாசலில் நிறுத்த நேர்ந்தால் கண்ணாடியில் டெலிபோன் நம்பரை எழுதிவைத்துப் போகிறவர் உண்டு. ஆயுத பூஜையன்று ஆட்டோ ஸ்டாண்டுப் பக்கம் போனால் இன்னொரு காட்சியையும் காணலாம். பூசணிக்காயை உடைத்த கையோடு ஒருவர் குனிந்து துண்டுகளைப் பொறுக்குகிறார். காசுகளை அள்ளச் சிறுவர்கள் முந்துகிறார்கள். காக்கிச் சட்டைக்காரர் அவர்களை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு, காலால் சதையை வழித்து, ஒரு வாளித் தண்ணீரையும் ரோட்டில் ஊற்றுகிறார். ஓரத்தில் ஒதுக்கிய துண்டுகளைத் தேடித் தெருக்கோடியிலிருந்து ஒரு பசு மாடு ஏற்கெனவே புறப்பட்டுவிட்டது.