பத்து வருஷ விதி

தேசப் பாதுகாப்புக் கொள்கையை வரையறுக்கும் பத்திரங்களைப் பொது ஜனங்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. படைத் தலைவர்கள் பாடு என்று விட்டுவிடுகின்றனர். ஆனால் எத்தனை கப்பல் கட்டுவது, எங்கே பீரங்கி நிறுத்துவது, எவ்வளவு வரிப்பணம் ஒதுக்குவது என்பன யாவும் அப்பத்திரங்களின் அடிப்படையான அனுமானத்திலிருந்தே பிறக்கின்றன. அவ்வனுமானம் பழுதானால் விளையும் கேட்டிற்குப் பிரிட்டிஷ் சரித்திரம் சான்று பகரும்.

அடுத்த பத்து வருஷங்களில் சாம்ராஜ்யம் பெரிய யுத்தம் எதிலும் ஈடுபட நேராது என்று கொண்டே படைகள் தத்தம் செலவுத் திட்டங்களை வகுக்கவேண்டுமென 1919 ஆகஸ்டில் லண்டன் மந்திரி சபை தீர்மானித்தது. ஜெர்மனி தோற்றுக் கிடந்த அவ்வருஷத்தில் இது நியாயமான அனுமானமே. தவறு பின்னரே நேர்ந்தது. 1928-இல், பொக்கிஷ மந்திரியாயிருந்த மிஸ்டர் சர்ச்சிலின் தூண்டுதலால், அந்தப் பத்து வருஷக் கெடு நாள்தோறும் புதிதாய்த் தொடங்குவதாக ஏற்பாடாயிற்று. தவணை தினமும் தள்ளிப்போகும் கடன் பத்திரத்தை எந்த நியாயஸ்தலம் ஒப்புக்கொள்ளும்?

1931-இல் ஜப்பான் மஞ்சூரியாவில் புகுந்தது. மறு வருஷம் விதி கைவிடப்பட்டது. இழந்த காலமோ மீளவில்லை. 1921-இல் தீர்மானித்த சிங்கப்பூர்க் கடற்படைத் தளம், இடையிடையே வேலை தடைப்பட்டு, 1938-இல்தான் திறக்கப்பட்டது. அதைக் காக்கப் பெரிய கடற்படை 70 நாளில் வந்து சேருமென்றிருந்த கணக்கு 1939-இல் 180 நாளாக நீண்டது. முடிவில் வந்த இரு பெருங்கப்பல்களும் 1941 டிசம்பர் 10-இல் ஜப்பானிய விமானங்களால் மூழ்கின. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. கைதியானோரில் இந்தியச் சிப்பாய்கள் பல்லாயிரவர். மலேயாத் தோட்டங்களில் உழைத்த நம் தமிழ் மக்களில் பெருந்தொகையினர் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்டனர்.

இவ்வளவுக்கும் அவ்விதி ஒன்றே காரணமென்பது நமது வாதமன்று. ஐரோப்பிய யுத்தமும், தளபதிகளின் பிழைகளும் சேர்ந்தன. ஆயினும், கேள்வி கேட்பாரற்ற அனுமானம் ஒன்று பதின்மூன்று வருஷம் ஆட்சி செலுத்தியதை மறுக்க இயலாது.

அமெரிக்காவில் பாதுகாப்புக் கொள்கைப் பத்திரத்தைக் காங்கிரஸுக்குச் சமர்ப்பிக்கவேண்டுமென்று சட்டமே விதித்திருக்கிறது. அதன் சுருக்கம் பொது ஜனங்களுக்கும் வெளியாகிறது. இரகசியம் காக்கவேண்டியது யுத்த திட்டத்திற்கே, அதன் அடிப்படைக்கன்று. நமது பார்லிமெண்டில் பாதுகாப்புச் செலவு விவாதத்திற்கு வரும்போதெல்லாம் அங்கத்தினர்கள் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும்: இத்திட்டம் எந்த அனுமானத்தின்மேல் நிற்கிறது? அதைக் கடைசியாகப் பரிசீலித்தது எப்போது? அது பொய்க்குமாயின் மாற்று ஏற்பாடு என்ன? விடை கூற இயலாத மந்திரிக்குப் பணம் அனுமதிப்பது ஜனப் பிரதிநிதிகளின் கடமையாகாது.