வாள் போனபின்



1876ஆம் ஆண்டு ஜப்பானிய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. படையினர், காவலர் முதலிய சிலர் நீங்கலாக எவரும் வாள் தரித்து வெளியே செல்லலாகாது என்பதே அது. தலைமுறை தலைமுறையாய் வாள் வடித்த கொல்லர் பலர் பிழைப்பிழந்தனர். உலையை அணைத்தவர் உண்டு. அடுக்களைக் கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் திரும்பியவரும் உண்டு. வீரனின் இடைக்கு வாள் தந்த கை, மீன் அரியக் கத்தி செய்வதா என்று சிலர் கூசியிருக்கவும் கூடும். பசிக்கு அந்தக் கூச்சம் ஏது?

கத்தியும் எளிய வேலையன்று. கடின எஃகு நன்றாய் வெட்டும்; தனித்து நின்றாலோ எளிதில் உடையும். ஆதலின் மென்மையான இரும்போடு அதைச் சேர்த்து, உலையிற் காய்ச்சி, அடித்து ஒன்றாக்குகின்றனர். கூர் எஃகினுடையது, அடி தாங்குவது இரும்பு. பின்னர்க் களிமண் பூசி, சிவக்கக் காய்ச்சி, நீரில் தோய்ப்பர். வெப்பம் மிகுந்தால் அந்நொடியே விரிசல் காணும். அதுவரை பட்ட பாடெல்லாம் வீண்.

ஒசாக்காவை அடுத்த சக்காய் நகரில் இன்றும் ஒருவர் அடித்து வடிக்க, மற்றொருவர் சாணை பிடிக்க, வேறொருவர் கைப்பிடி பொருத்துகிறார். அங்கு ஒருபுறம் மட்டுமே கூர் தீட்டிய கத்திகள் பல. அவை இடக்கையருக்கு உதவா. அவர்களுக்கென மறுபுறம் தீட்டித் தனியே செய்கின்றனர். விலை சற்றுக் கூடுதல்தான்.