பதக்கம் பாடம் நடத்தாது

ஐரிஷ் நடனப் போட்டிகளில் பட்டம் வென்றவரே சிறந்த நடன ஆசிரியர் என்ற நம்பிக்கை டப்ளின், பெல்ஃபாஸ்ட் தொடங்கி ஐரிஷ் வம்சாவளியினர் மிகுந்த சிகாகோ, பாஸ்டன் வரை வேரூன்றியிருக்கிறது. போட்டிகளிலிருந்து ஓய்வுபெற்றுப் பள்ளி தொடங்குபவர், உலகப் போட்டியில் தாம் பெற்ற இடத்தையே விளம்பரத்தின் தலைப்பில் போடுகிறார். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் முதலில் விசாரிப்பதும் அதைத்தான். இந்த நம்பிக்கை தவறு. அதற்கான விலையைக் கொடுப்பவர்களோ குழந்தைகள்.

ஐரிஷ் நடனத்தில் கற்பித்தல் தனித் தொழிலாகத் தோன்றியது போட்டி மேடைகளுக்கு வெகுகாலம் முன்பு. 18ஆம் நூற்றாண்டில் ஒரு குழல் கலைஞரையோ பிடில் கலைஞரையோ உடன் அழைத்துக்கொண்டு நடன வாத்தியார்கள் ஊர் ஊராகப் போனார்கள். 1776 முதல் அயர்லாந்தில் பயணம் செய்த ஆர்தர் யங் என்ற ஆங்கிலேயர், ஏழைக் குடியானவர்கள்கூட மூன்று மாதத்துக்கு 6 பென்ஸ் கொடுத்து இவர்களிடம் கற்றதைப் பதிவு செய்திருக்கிறார். இடக்கால் எது, வலக்கால் எது என்று தடுமாறிய மாணவர்களுக்கு இந்த வாத்தியார்கள் ஒரு காலில் வைக்கோல் பிரியையும் மறுகாலில் வில்லோ மரத்து மிலாறையும் கட்டிவிட்டார்கள் என்று மரபுச் செய்திகள் சொல்கின்றன. பிறகு “வைக்கோலைத் தூக்கு, மிலாறை இறக்கு” என்ற பாணியில் பாடம் நடந்தது. இவர்களும் சந்தைகளில் ஒருவரோடொருவர் போட்டியிட்டு ஆடியவர்கள்தான். ஆனால் வைக்கோல் பிரியைக் கட்டத் தோன்றியது ஆட்டத் திறமையால் அன்று. தடுமாறுகிற காலை நின்று கவனித்ததால் வந்த யோசனை அது.

இன்றைய அமைப்பும் பட்டத்தைத் தகுதியாக ஏற்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. 1893இல் தொடங்கிய கேலிக் லீக் என்ற அமைப்பிலிருந்து பிறந்த ஐரிஷ் நடன ஆணையம், தன் பள்ளிகளில் கற்பிக்க விரும்புவோருக்கு டி.சி.ஆர்.ஜி. என்ற சான்றிதழ்த் தேர்வை நடத்துகிறது. குழுவாக ஆடும் கெய்லி நடனங்களில் எழுத்துத் தேர்வு உண்டு, இசைத் தேர்வு உண்டு, தேர்வாளர் முன் ஆடிக்காட்டவும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாணவர்களை நிற்கவைத்துப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். உலகப் பட்டம் வென்றவரும் இந்தத் தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும். ஆணையமே போதாது என்று ஒதுக்கிய ஒன்றைப் பெற்றோர் போதும் என்று எடுத்துக்கொள்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

பட்டம் எதை அளக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பெரிய போட்டிகளில் ஒவ்வொரு நடுவரும் தரும் மதிப்பெண் முதலில் வரிசையாகவும், பிறகு புள்ளிகளாகவும் மாற்றப்படுகிறது. முதலிடத்துக்கு 100, இரண்டாமிடத்துக்கு 75, மூன்றாமிடத்துக்கு 65. ஒரு நடுவரின் தாளில் அரை மதிப்பெண்ணில் முந்தியவரும் பத்து மதிப்பெண்ணில் முந்தியவரும் அதே 100ஐப் பெறுகிறார்கள். அன்றைய மேடையில் யார் முந்தினார் என்பதற்கு மேல் இந்தக் கணக்கு எதையும் சொல்வதில்லை. 1975இல் உலகப் பட்டம் வென்ற முதல் அமெரிக்கர் மைக்கேல் ஃபிளாட்லி, சிகாகோவின் டென்னஹி பள்ளியில் கற்றவர். அந்த வெற்றி கற்பித்தலுக்குச் சான்று என்றால், அந்தப் பள்ளியின் கற்பித்தலுக்கே சான்று. வென்றவர் நாளை நல்ல ஆசிரியராவார் என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை.

தேர்ந்த உடல் தன் வித்தையைச் சொல்லத் தெரியாமல் செய்கிறது. 2008இல் கிறிஸ்டின் ஃபிளீகல், மைக்கேல் ஆண்டர்சன் என்ற உளவியலாளர்கள் கோல்ஃப் ஆட்டக்காரர்களிடம் இதையொட்டிய ஒரு சோதனை நடத்தினார்கள். பந்தை எப்படித் தள்ளினோம் என்று ஐந்து நிமிடம் விவரித்த பிறகு, தேர்ந்த ஆட்டக்காரர்களின் ஆட்டம் தடுமாறியது. புதியவர்களுக்கு அந்தப் பாதிப்பு இல்லை. பல்லாயிரம் முறை ஆடிப் பழகிய நடனக் கலைஞரின் நிலையும் இதுவே என்று கருத இடமிருக்கிறது.

தொடக்க வகுப்பில் இது கண்கூடாகத் தெரியும். ரீல் நடனத்தில் பக்கவாட்டில் ஏழடி போய், மூன்றடிகளால் முடிக்கும் அசைவு முதல் பாடங்களில் ஒன்று. ஏழாவது எண்ணிக்கையில் உடல் எடை தவறான காலில் இறங்கினால் அடுத்த மூன்றடியைத் தொடங்கவே முடியாது. குழந்தை ஓர் எண்ணிக்கையை விழுங்கிவிட்டு இசைக்குப் பின்னால் ஓடும். பட்டம் வென்ற ஆசிரியர் பலர் இந்த இடத்தில் முழு வேகத்தில் மறுபடி ஆடிக்காட்டுகிறார்கள். குழந்தை பிரமித்துப் பார்த்துவிட்டு அதே தவறைச் செய்கிறது. அடியை ஐந்தாவது எண்ணிக்கையில் நிறுத்தி, எடை எந்தக் காலில் இருக்கிறது என்று கேட்கும் ஆசிரியர் இரண்டு நிமிடத்தில் அதைத் திருத்திவிடுவார். மாணவரை எதிர்கொண்டு நின்று கண்ணாடிப் பிம்பம்போல் மாற்றுக்காலில் ஆடுவதும் தனியாகக் கற்க வேண்டிய திறமை. எந்தப் போட்டியும் அதைக் கேட்பதில்லை.

உடல்நலம் இன்னும் கவலைக்குரியது. வளரும் பருவத்தில் குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதி மென்மையானது. ஓயாத குதிப்பால் அங்கே வலி வருவது மருத்துவம் நன்கறிந்த ஒன்று. வலியைப் பொறுத்து ஆடியே வென்ற ஒருவர் அந்தப் பொறுமையையே பாடமாக்கினால், ஒன்பது வயதுப் பிள்ளை நொண்டிக்கொண்டே பயிற்சி செய்யும்.

போட்டி அனுபவம் பயனற்றது என்பது இதன் பொருளன்று. மேடைப் பயம், நடுவரின் பார்வை, சுற்றுகளுக்கிடையே மூச்சைச் சேமிக்கும் விதம் ஆகியவற்றை ஆடியவரே நன்றாகச் சொல்லித்தர முடியும். உச்சநிலைப் போட்டியாளருக்கு அது பெரிய வரம். ஆனால் ஒரு வகுப்பில் பெரும்பாலோர் உலகப் போட்டியின் வாசலைக்கூடப் பார்க்கப்போவதில்லை. பட்டத்தை வைத்தே பள்ளியை எடைபோடும் வழக்கம் ஆசிரியர்களையும் கெடுக்கிறது. 2022இல் சில ஆசிரியர்களும் நடுவர்களும் போட்டி முடிவுகளை முன்கூட்டியே பேசி வைத்ததாகப் புகார் எழுந்தது. ஓய்வுபெற்ற மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி ஒருவரை விசாரணையை மேற்பார்வையிட வைக்கும் அளவுக்கு அது போனது.

போட்டியை விட்டு வருபவர்கள் சொந்தப் பள்ளி திறக்கும் முன், அனுபவமுள்ள ஓர் ஆசிரியரிடம் சில ஆண்டுகளாவது தொடக்க வகுப்புகளில் துணை நிற்க வேண்டும். பெற்றோர் கட்டணம் கட்டும் முன் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். கடைசி வரிசையில் அடி தவறிய பிள்ளைக்கு ஆசிரியர் மறுபடி ஆடிக்காட்டுகிறாரா, எந்தக் கால் எங்கே தவறியது என்று சொல்கிறாரா என்பதைக் கவனிக்கட்டும். சொல்பவரிடமே பிள்ளையைச் சேர்க்கட்டும், அவர் வீட்டில் ஒரு கோப்பைகூட இல்லாவிட்டாலும்.