நட்டால் மட்டும் போதுமா?

மழைக்காலம் வந்தால் தில்லித் தெருக்களில் மரக்கன்றுகளோடு பூசலும் வந்துவிடுகிறது. தொண்டர்கள் குழி தோண்டுகிறார்கள், வீட்டுக்காரர் தடுக்கிறார். “நிழல் வேண்டாமா?” என்கிறார்கள் அவர்கள். “சருகை யார் கூட்டுவது? வண்டியை எங்கே நிறுத்துவது?” என்கிறார் இவர். தடுப்பவரை மரத்தின் பகைவர் என்று பழிப்பது எளிது, ஆயினும் முறையன்று.

ஏழிலைப்பாலையைப் பாருங்கள். என்றும் பசுமையானது என்று இந்நகரில் அதனை வரிசை வரிசையாக நட்டார்கள். அக்டோபர்த் திங்களில் அது பூக்கும்போது சிலருக்கு மணம். சன்னலோரம் படுத்திருப்பவருக்குத் தலைவலி. 1994-ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியின்றி அதனை வெட்டவும் இயலாது. ஆகவே, நடுமுன் தெருவாரைக் கேட்பதே அறிவுடைமை.

நட்டபின் கவனிப்பாரும் வேண்டும். மரங்களின் அடியைச் சிமெண்டு நெரித்ததால், சுற்றிலும் 1 மீட்டர் அளவுக்கு அதனை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் ஆணையிட்டது. வேருக்கு நீரும் காற்றும் வேண்டும் என்பது பள்ளிப் பாடம் அன்றோ?

2018-இல் தென் தில்லிக் குடியிருப்புகளில் பல்லாயிரம் மரங்களை வெட்ட முனைந்தபோது மக்கள் திரண்டெழுந்தார்கள். உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அம்மரங்களைத் தம்முடையவை என்று அவர்கள் எண்ணினார்கள். கலந்து பேசி நட்டால்தான் புதுக்கன்றுகளின்மீதும் அந்த எண்ணம் பிறக்கும்.

தோழர்களே, நம் மன்றமும் ஆண்டுதோறும் கன்று நடுகிறது. இனி, நட்ட கணக்கை விட்டு, மூன்றாம் கோடையில் பிழைத்திருக்கும் கணக்கை எழுதுவோம். நூறு நட்டுப் படம் எடுத்துக்கொள்வதைவிட, தெருவாரைக் கேட்டுப் பத்து நட்டு, நாள்தோறும் நீர் ஊற்றுவதே தொண்டு.