சராசரி என்னும் திரை

2019 யூலையில் உலக வங்கி இலங்கையை உயர் நடுத்தர வருமான நாடுகளின் வரிசைக்கு ஏற்றி வைத்தது; மறு ஆண்டிலேயே கீழ் நடுத்தர வரிசைக்கு இறக்கி விட்டது. திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குச் செல்லும் பாதையில், நிலாவெளிக்கு வடக்கேயுள்ள இறக்கக்கண்டியின் கடற்றொழிலாளர்க்கு அவ்வேற்றத்தால் ஒரு பிடி அரிசி கூடவுமில்லை, அவ்விறக்கத்தால் குறையவுமில்லை. (ஊர்ப்பெயரிலேயே இறக்கம் இருப்பது தற்செயலே.) தலா வருமானம் என்பது நாட்டின் வருமானத்தை மக்கட்டொகையால் வகுத்துப் பெறும் ஈவு. அவ்வகுத்தல் ஏட்டில் மட்டுமே நிகழ்கின்றது. அதே 2019 இல் நடந்த வீட்டு வருமான செலவின அளவீட்டின்படி, மேல்நிலையிலுள்ள ஐந்திலொரு பங்கு வீடுகள் மொத்த வருமானத்தின் பாதிக்கு மேல் பெற்றன. அடிநிலையிலுள்ள ஐந்திலொரு பங்குக்குக் கிடைத்தது 5 சதவீதத்திலும் குறைவு.

உலகில் ஏற்றத்தாழ்வு சுருங்கி வருகின்றதென மகிழும் பொருளியலாளர், நாடுகளுக்கிடையிலான ஒப்பீட்டையே சான்று காட்டுவர். 2022 ஆம் ஆண்டின் உலகச் சமத்துவமின்மை அறிக்கை அவர்கட்குப் பாதித் துணையே நிற்கும். இரு தசாப்தங்களில், செல்வமிக்க 10 சதவீத நாடுகளுக்கும் வறிய 50 சதவீத நாடுகளுக்கும் இடையிலான சராசரி வருமான இடைவெளி ஏறத்தாழ 50 மடங்கிலிருந்து 40 மடங்கிற்குச் சற்றுக் கீழே இறங்கியது மெய்யே. அதே காலத்தில் நாடுகளுக்குள்ளே, மேல் 10 சதவீத மக்களுக்கும் கீழ் 50 சதவீத மக்களுக்கும் இடையிலான இடைவெளி 8.5 மடங்கிலிருந்து 15 மடங்காக விரிந்தது. முன்னதைப் பறைசாற்றிப் பின்னதை அடிக்குறிப்பில் ஒளிப்பது ஆய்வாகாது.

மறுதரப்பாரோ எல்லாப் பழியையும் செல்வ நாடுகள் மேற் சுமத்தி, உள்நாட்டு மேட்டுக்குடியைத் தப்பவிடுவர். அவர் கூற்றிலும் உண்மையுண்டு. அதே சமையலுக்கும் துப்புரவுக்கும், எல்லை கடந்து வளைகுடா நாட்டிற் செய்தால், கூடிய ஊதியம் கிடைக்கின்றது. ஆயினும் பிள்ளைகளை விட்டுக் கடல் கடக்க வேண்டியவள் யார், வீட்டிலிருக்க வல்லவள் யார் என்பதை உள்ளூர் ஏற்றத்தாழ்வே தீர்மானிக்கின்றது.

உண்மையில் இவ்விரு ஏற்றத்தாழ்வுகளும் ஒரே படகில் வந்து சேர்வன. 2022 ஏப்பிரலில் அரசு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. ஓகஸ்ட் 21 இல் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாயிற்று. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறுபடகுகள் மண்ணெண்ணெயில் ஓடுவன. விலை எல்லோர்க்கும் ஒன்றே என்பது நீதிபோல் தோன்றலாம். பல படகுகளுடைய சம்மாட்டி அவற்றைக் கரையேற்றி வைத்துக் காத்திருக்கலாம். பங்குக்குப் போகும் தொழிலாளிக்கோ அன்றைய கடலே அன்றைய உலை. எரிபொருட் செலவைக் கழித்த மிச்சமே பங்கிடப்படுவதால், மீன் குறைந்த நாளில் அவர் இரவெல்லாம் உழைத்தும் வெறுங்கையோடு வீடு திரும்புவார்.